மனுவுக்கு முன்னால் ஒரு வரைபடம்

அன்பின் அண்ணா,

கிளிநொச்சி நகரத்தில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறோம். 34 குடும்பங்கள். ஏதோ ஒரு திட்டத்தின் கீழ் போன வருடம் எங்கள் ஒழுங்கையில் மழைத்தண்ணீர் வடிய கொங்கிறீட் கான் கட்டினார்கள். அது கடைசி வீட்டு வேலியோடு நின்றுவிட்டது. மாரியில் தண்ணீர் அங்கே முட்டி, திரும்பி எங்கள் வளவுகளுக்குள் வருகிறது. குழு ஒன்று அமைத்து, கையெழுத்து வாங்கி, மனுக் கொடுத்தோம். "திட்டம் மேலே இருந்து வந்தது, அடுத்த ஒதுக்கீட்டில் பார்ப்போம்" என்றார்கள். இன்னும் சில ஒழுங்கைகளைத் திருத்தப் போவதாகக் கேள்விப்படுகிறோம். இந்த முறையாவது வேலை தொடங்க முன்னம் பேச வேண்டும் என்று நான் சொல்ல, இரணைமடுக் குளத்தின் கீழ் நாற்பது வருடம் வயல் செய்த பெரியவர் ஒருவர், "பிள்ளை, திட்டம் போடுறது படிச்ச எஞ்சினியர்மாரின்ர வேலை. நாங்கள் போய் என்னத்தைச் சொல்லுறது?" என்கிறார். வேறு சிலருக்கு இது அரசியலாகிவிடும் என்று பயம். எங்களைப் போன்றவர்கள் இதில் இறங்குவதால் பயன் உண்டா?

ஒரு வாசகி, கிளிநொச்சி

அன்பின் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தப் பெரியவரின் கேள்விதான். அவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: ஐயா, கோடை நெல்லுக்குக் குளத்துத் தண்ணீரைப் பங்கிடும் சிறுபோகக் கூட்டத்துக்கு நீங்கள் எத்தனை தரம் போயிருக்கிறீர்கள்?

நாற்பது வருடம் இரணைமடுவின் கீழ் வயல் செய்த மனிதர் அந்தக் கூட்டங்களில் இருந்திருப்பார், எழும்பிப் பேசியும் இருப்பார். அரசாங்க அதிபர் தலைமையில் இருப்பார். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் சொல்வார். 36 அடிக் குளத்தில் நிற்கும் தண்ணீர் எத்தனை ஏக்கருக்குப் போதும், எந்த வாய்க்காலுக்கு முதலில் திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது, தண்ணீர் குறைந்த வருடத்தில் ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று கமக்காரர்கள் மணிக்கணக்காக வாதாடுவார்கள். சண்டையும் வரும். கடைசியில் ஒரு முடிவு எழுதப்படும், அதற்கு எல்லோரும் கட்டுப்படுவார்கள். தண்ணீர்க் கணக்கு எஞ்சினியர்மாரின் வேலை என்று அங்கே ஒருவரும் வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை. கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர எத்தனை நாள் செல்லும் என்பது கடைமடைக்காரனுக்குத்தான் தெரியும்.

வயலுக்கு இருந்த இந்தக் கூட்டம் நகரத்து ஒழுங்கைக்கு இல்லாமல் போனது எப்படி? நான் இதைப் பல காலம் யோசித்திருக்கிறேன். போர் முடிந்து, 2009 முடிவிலிருந்து செட்டிக்குளம் அகதி முகாம்களை விட்டு வந்த சனம், தகரக் கொட்டிலில் இருந்து வாழ்க்கையைத் திரும்பத் தொடங்கியது. அப்போது எங்களுக்கு ஒரு புதுப் பெயர் கிடைத்தது: பயனாளி. வீட்டுத்திட்டத்துக்குப் பயனாளி, கிணற்றுக்குப் பயனாளி, கோழிக்குஞ்சுக்கும் பயனாளி. கூட்டம் என்றால் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கப் போகும் இடம். வரிசையில் நின்று கையெழுத்து வைத்தோம், தந்ததை வாங்கினோம். அன்று வேறு வழி இருக்கவில்லை, அதற்காக யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. வாய்க்காலுக்காக அரசாங்க அதிபரோடு வாதாடிய அதே மனிதர், தன் வீட்டு வாசலில் கான் வெட்டும்போது தள்ளி நின்று பார்க்கிறார்.

சரி, என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் ஒழுங்கையில் பழைய கிறவல் வீதியை உயர்த்திப் புதிதாகப் போட்டார்கள். வீதி வளவுகளை விட உயரமாகிவிட்டது. மதகு வைத்த இடமும் பிழை. 2018 மார்கழியில், நத்தாருக்கு மூன்று நாள் முன்னம், இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வெள்ளம் எந்த மதகுக்கும் அடங்கியிருக்காது. ஆனால் மற்ற இடங்களில் வடிந்த பிறகும் எங்கள் வளவுகளில் தண்ணீர் நின்றது. நாங்களும் உங்களைப் போலத்தான், கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தோம். அது ஒரு கோப்புக்குள் போனது.

அடுத்த மாரியில்தான் எங்களுக்குப் புத்தி வந்தது. மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஐந்தாறு பேர் குடை பிடித்துக்கொண்டு ஒழுங்கை முழுவதும் நடந்தோம். மதில்களில் தண்ணீர் ஏறிய உயரத்தை அடையாளம் வைத்தோம். எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்கு எந்த வீட்டு வாசலைத் தொடுகிறது என்று ஒரு கொப்பியில் எழுதினோம். பிறகு பழைய கலண்டரின் பின்பக்கத்தில் வரைந்தோம். அப்போது ஓர் அம்மா வந்து, "இடம்பெயர முதல் தண்ணி இந்தப் பக்கத்தாலதான் போகும், இதில ஒரு வெட்டு வாய்க்கால் இருந்தது" என்று காட்டினார். பற்றை மூடி, அதன் மேல் ஒருவர் மதிலும் கட்டியிருந்தார். எந்த அலுவலகத்து வரைபடத்திலும் அந்த வாய்க்கால் இல்லை. அந்த அம்மாவின் நினைவில் மட்டும் இருந்தது.

எங்கள் முதல் வரைபடம் பிழையானது. எங்கள் ஒழுங்கைத் தண்ணீரை எப்படி வெளியே தள்ளுவது என்று மட்டும் யோசித்திருந்தோம். அது போய் விழும் இடம் பள்ளத்தில் இருக்கும் பக்கத்து ஒழுங்கை. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள், பெண்கள் தனியாக நடத்தும் குடும்பங்கள். அவர்களில் ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு வந்து, "உங்கட வெள்ளத்தை எங்கட அடுப்படிக்குள்ள விடப் போறீங்களோ?" என்று கேட்டார். எங்களால் தலை நிமிர முடியவில்லை. ஒரு வாரம் கழித்து இரண்டு ஒழுங்கை ஆட்களும் சேர்ந்து திரும்ப நடந்தோம், திரும்ப வரைந்தோம். அதைக் கொண்டு போனபோது தொழில்நுட்ப உத்தியோகத்தர் எங்களோடு நேரே இடத்துக்கு வந்தார். மனுவைக் கண்டால் பதில் எழுதலாம். வரைபடத்தைக் கண்டால் ஆள் குனிந்து பார்க்கத்தான் வேண்டும். நாங்கள் கேட்ட இரண்டு மதகுகளில் ஒன்று இரண்டு வருடம் கழித்துக் கிடைத்தது. மற்றதற்கு இன்னும் நடக்கிறோம்.

இதைத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பள்ளத்தில் இருப்பவரிடம் முதலில் போங்கள் என்பதுதான். உங்கள் கான் முட்டி நிற்கும் அந்த வேலிக்கு அப்பால் இருப்பவர் உங்கள் குழுவில் இருக்கிறாரா? கடிதத்தில் அது இல்லை.

சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று உங்கள் ஆட்கள் கேட்பார்கள். இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமே, சபை உறுப்பினர்களோடு அந்தப் பிரதேசத்தில் வசிப்பவர்களையும் சேர்த்துக் குழுக்கள் அமைக்கலாம் என்கிறது. வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்ப சேவைகள், சுற்றாடல் என்று அந்தக் குழுக்கள் பிரிந்திருக்கும். உங்கள் விடயம் தொழில்நுட்ப சேவைகளில் வரும். 2023 பங்குனியில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரை இரண்டு வருடத்துக்கு மேலாக உறுப்பினர்களே இல்லாமல் செயலாளர்கள்தான் எல்லாவற்றையும் பார்த்தார்கள். இப்போது உங்கள் வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் இருக்கிறார், அவரை நடக்கக் கூப்பிடுங்கள். வருட முடிவில்தான் பாதீடு நிறைவேறும். ஆகவே ஆவணி, புரட்டாசியிலேயே உங்கள் வரைபடம் அவர்கள் மேசைக்குப் போய்விட வேண்டும். தை பிறந்த பிறகு கேட்டால் அடுத்த ஒதுக்கீடு என்ற பதில்தான் வரும்.

நகர அபிவிருத்தி அதிகார சபை ஒரு நகரத்துக்கு அபிவிருத்தித் திட்டம் வரைந்தால், அதைப் பொதுமக்கள் பார்க்க 60 நாள் வைத்து, ஆட்சேபனைகளைக் கேட்க வேண்டும். அந்த 60 நாளில் போய்ப் பார்க்கும் சனம் மிகக் குறைவு.

"மேலே இருந்து வந்தது" என்ற பதிலுக்கும் ஒரு வழி உண்டு. 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடுங்கள். உங்கள் கானின் வரைபடம், மதிப்பீடு, அது எங்கே முடிய வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். அதே சட்டம், உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டம் என்றால் தொடங்க மூன்று மாதம் முன்னமே பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு விபரம் சொல்ல வேண்டும் என்றும் சொல்கிறது. இதை உங்கள் குழுவில் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எங்கள் ஒழுங்கையில் இதை வாசித்த அன்றுதான் சனம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

பயன் உண்டா என்று கேட்டீர்கள். இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஆசிய அபிவிருத்தி வங்கி அதற்கு 2010-இல் நிதி ஒப்புக்கொண்டது. கிளிநொச்சிக் கமக்காரர் அமைப்புகள், சிறுபோகத்துக்கே தண்ணீர் போதாத வருடத்தில் என்ன செய்வது என்று கேட்டன. யாழ்ப்பாணத்துச் சனத்துக்கும் குடிதண்ணீர் வேண்டும், அது எங்கள் சனம்தான். ஆனாலும் கேள்வி நியாயமானது. பல வருட இழுபறிக்குப் பிறகு திட்டம் மாறி, தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டி 2024-இல் திறந்தார்கள். திட்டம் வரையும் மேசையில் அந்தக் கமக்காரர்கள் முதலிலேயே இருந்திருந்தால், இடையில் போன வருடங்களில் எவ்வளவு மிச்சமாகியிருக்கும்! எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

எங்களைப் போல அழிந்து எழும்பிய ஓர் ஊரையும் சொல்ல வேண்டும். 1995 தையில் ஜப்பானின் கோபே நகரத்தை நிலநடுக்கம் சிதைத்தது. இரண்டே மாதத்தில் மாநகராட்சி புதிய வீதிகள், பூங்காக்களின் திட்டத்தை முடிவாக்கியது. வீடிழந்து முகாம்களில் இருந்த சனம் கொதித்தது. பிறகு, உள் ஒழுங்கைகளையும் சிறு பூங்காக்களையும் அந்தந்தக் குடியிருப்புச் சபைகளோடு பேசித் தீர்மானிப்பதாக ஒப்புக்கொண்டார்கள். மனோ என்ற குடியிருப்பு மக்கள் அதற்கு முப்பது வருடம் முன்பிருந்தே தொழிற்சாலை மாசுக்கு எதிராகக் கூடிப் பழகியவர்கள். நிலநடுக்கத்தன்று, பக்கத்துத் தொழிற்சாலையின் தீயணைப்பு ஆட்களோடு சேர்ந்து வாளியில் தண்ணீர் கடத்தித் தங்கள் பகுதியில் தீ பரவாமல் நிறுத்தியவர்களும் அவர்களே.

அரசியல் என்ற பயம் எனக்குப் புரிகிறது. கூடுவதற்கே பயந்த காலம் ஒன்றை நாங்கள் கடந்து வந்திருக்கிறோம். அதனால் எல்லாவற்றையும் வெளியே வைத்துச் செய்யுங்கள். எல்லாக் கட்சி உறுப்பினருக்கும் ஒரே கடிதம், ஒரே வரைபடம். கூட்டக் குறிப்பை எழுதிச் சனசமூக நிலையத்துச் சுவரில் ஒட்டுங்கள். புதிதாக ஒரு அமைப்பைப் பதிவு செய்து அலைய வேண்டாம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், சனசமூக நிலையம் என்று இருப்பதே போதும். கூட்டத்தைப் பகல் பத்து மணிக்கு வைக்காதீர்கள். கூலிக்குப் போகிறவரும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவரும் தாயும் அப்போது வர முடியாது. பின்னேரம் வையுங்கள், முடிந்தால் பள்ளத்து ஒழுங்கையிலேயே வையுங்கள்.

ஐப்பசி மழை தொடங்கும் முதல் பெரிய நாளில் அந்தப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு இறங்குங்கள். மழை விடட்டும் என்று நிற்காதீர்கள், தண்ணீர் ஓடும்போதே பார்க்க வேண்டும். ஒரு கொப்பி, ஒரு சுண்ணாம்புக் கட்டி போதும். முன்னம் இந்தத் தண்ணீர் எந்தப் பக்கத்தால் போனது என்று அவரிடம் கேளுங்கள். அவர் கை நீட்டும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்
அண்ணா