நாற்பது நிமிடத்தில் பாதிக் கட்டுரையோடு நிற்கும் மாணவர்கள்

கேள்வி: உயர்நிலை வகுப்புகளுக்கு மொழிப்பாடம் எடுக்கிறேன். வீட்டில் எழுதி வரச் சொன்னால் மாணவர்கள் நன்றாகவே எழுதுகிறார்கள். வகுப்பிலேயே ஒரு தலைப்பைக் கொடுத்து 40 நிமிடத்தில் எழுதச் சொன்னால் பாதிப் பேர் முடிப்பதில்லை. சிலர் பத்து நிமிடம் வெறும் தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாரம் ஒரு கட்டுரை எழுத வைத்தும் முன்னேற்றம் தெரியவில்லை. இன்னும் அதிகமாக எழுத வைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். கொஞ்ச நாளைக்கு முழுக் கட்டுரைகளைக் குறைத்துவிடுங்கள். நீச்சல் தெரியாத பிள்ளையை வாரம் ஒருமுறை ஆழத்தில் இறக்கிவிட்டால் தண்ணீர்ப் பயம்தான் வளரும்.

முதலில் நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஒருமுறை ஒரு மாணவியின் பக்கத்தில் உட்கார்ந்து நிமிடக் கணக்கைக் குறித்துக்கொண்டே வந்தேன். முதல் வரியை எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள், மறுபடி அடித்தாள். முன்னுரை முடிய 11 நிமிடம். அடுத்த இரண்டு பத்திகள் ஒன்றையே சுற்றிச் சுற்றி வந்தன. 33-ஆவது நிமிடத்தில், தாளின் அடியில், மிக அருமையான ஒரு கருத்தை ஒற்றை வரியில் எழுதினாள். அதுதான் அவள் உண்மையில் சொல்ல வந்தது. அதை விரிக்க நேரம் இல்லை.

அவள் மெதுவாக எழுதவில்லை. என்ன சொல்லப் போகிறோம் என்பதை எழுதிக்கொண்டே தேடினாள். வீட்டில் அப்படித் தேடலாம். கிடைத்ததும் முதல் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதலாம். உங்கள் மாணவர்கள் வீட்டில் நன்றாக எழுதுவதன் ரகசியம் பெரும்பாலும் அந்த இரண்டாவது தாள்தான். நேரம் வைத்த தேர்வில் அது கிடையாது. ஆகவே தேடலை எழுத்துக்கு முன்னால் கொண்டுவர வேண்டும். அதை வேகமாகச் செய்வதுதான் நீங்கள் கற்றுத்தர வேண்டிய திறமை.

அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. எல்லோரும் நன்கு அறிந்த ஒரு விஷயத்தை ஐந்து நிமிடம் நிறுத்தாமல் எழுதச் சொல்லிச் சொற்களை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 10 சொல் வந்தாலே 250 சொல் கொண்ட ஒரு கட்டுரைக்கு 25 நிமிடம் போதும். அதற்கும் கீழே இருக்கும் பிள்ளைக்குக் கைவேகம்தான் தடை; அவனுக்குத் தனியாக எழுத்துப் பயிற்சி கொடுங்கள். மற்றவர்களுக்குக் கை ஒரு தடையே இல்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

சரி, தேடலை எப்படிக் கற்றுத்தருவது? கேள்வியை வாசிப்பதில் தொடங்குங்கள். இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "வீட்டுப்பாடத்தை அறவே நிறுத்திவிட்டால் மாணவர்களுக்கு நன்மையே அதிகம் என்று சிலர் கூறுகின்றனர். இதை நீங்கள் எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?" பெரும்பாலான பிள்ளைகளின் கண்ணில் 'வீட்டுப்பாடம்' என்ற ஒரு சொல்தான் படும். உடனே வீட்டுப்பாடத்தைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் கொட்டுவார்கள். கேள்வி நிற்பது 'அறவே' என்ற சொல்லின் மேல். குறைக்கலாமா என்று கேட்கவில்லை, முழுதாக நிறுத்தலாமா என்று கேட்கிறது. 'எந்த அளவுக்கு' என்பது, ஓரளவு ஏற்கிறேன் என்று சொல்லவும் இடம் தருகிறது. 'மாணவர்களுக்கு' என்று இருப்பதால் ஆசிரியருக்கு வேலை குறையும் என்று ஒரு பத்தி எழுதினால் அது வீண். இந்த மூன்று சொற்களையும் அடிக்கோடிட ஒரு நிமிடம்கூட ஆகாது.

இது மதிப்பெண்ணிலும் எதிரொலிக்கும். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் இரண்டாவது எழுத்துப் பணிக்குச் சுமார் 40 நிமிடம், குறைந்தது 250 சொற்கள். அதைத் திருத்தும் நான்கு அளவுகோல்களில் ஒன்று, கேட்டதற்கு எவ்வளவு முழுமையாகப் பதில் சொல்லியிருக்கிறார் என்பது. அதற்கு மட்டுமே கால் பங்கு மதிப்பெண்.

அப்புறம், திட்டமிடும் பயிற்சி. ஒரு வகுப்பில் ஐந்து கேள்விகள் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம். கட்டுரை எழுதவே கூடாது. கால்தாளில் நான் எந்தப் பக்கம் என்று ஒரு முழு வாக்கியம், இரண்டு காரணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எடுத்துக்காட்டு, எதிர்த்தரப்பு சொல்லக்கூடியது ஒன்று. அவ்வளவுதான். வாக்கியம் முழுதாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 'வீட்டுப்பாடம் – நன்மை, தீமை' என்று எழுதுபவன் இன்னும் முடிவெடுக்கவில்லை. 'சின்ன வகுப்புகளில் நிறுத்தலாம், பெரிய வகுப்புகளில் குறைத்தால் போதும்' என்று எழுதுபவனுக்குப் பாதிக் கட்டுரை முடிந்த மாதிரி.

பிறகு அந்தக் கால்தாள்களை வேறொரு வகுப்பு மாணவர்களிடம் கொடுங்கள். கேள்வியைப் பார்க்காதவர், குறிப்பை மட்டும் வைத்துக் கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டும். "வீட்டுப்பாடத்தின் பயன்கள் என்ன?" என்று அவர் ஊகித்தால், குறிப்பு எழுதியவர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்று பொருள். நீங்கள் சிவப்பு மையில் பத்து முறை எழுதிச் சொல்வதைவிட இது சட்டென்று உறைக்கும்.

இன்னொன்று, நீங்களும் அவர்கள் முன்னால் செய்துகாட்ட வேண்டும். லிண்டா ஃபிளவர், ஜான் ஹேய்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், எழுதுபவர்களை மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வைத்து ஆராய்ந்தார்கள். அதை வைத்து 1981-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் சாரம், திட்டமிடுதல், எழுதுதல், திருத்துதல் மூன்றும் வரிசையாக வராமல் முன்னும் பின்னும் போய்வருகின்றன என்பது. தேர்ந்த எழுத்து ஒரே ஓட்டத்தில் வருவதாக நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைக் கண்ணால் காட்ட வேண்டும். மாணவர்களே ஒரு கேள்வி எழுதித் தரட்டும், நீங்கள் அதை முன்கூட்டிப் பார்க்காதீர்கள். கரும்பலகை முன் நின்று யோசிப்பதை உரக்கச் சொல்லுங்கள்: "இந்தக் காரணம் பரவாயில்லை, ஆனால் எடுத்துக்காட்டு வரமாட்டேன் என்கிறது, விட்டுவிடுகிறேன்." ஆசிரியரும் ஒன்றை எழுதி அழிக்கிறார் என்று பார்க்கும்போது வெறும் தாளின் மேல் உள்ள பயம் பாதி போய்விடும்.

எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் முன்னுரையை மனப்பாடம் செய்ய வைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எல்லாவற்றுக்கும் பொருந்தும் நாலு வரி எதையும் சொல்லாது. திருத்துபவருக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். முன்னுரையில் மாட்டிக்கொள்ளும் பிள்ளையிடம் மேலே ஐந்து வரி இடம் விட்டுவிட்டு, முதல் காரணத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். கட்டுரை முடிந்தபின் முன்னுரை இரண்டே நிமிடத்தில் வரும்.

கடிகாரத்தைக் கடைசியில்தான் கொண்டுவர வேண்டும். முதலில் எவ்வளவு நேரம் ஆனது என்று தாளின் மூலையில் குறித்தால் போதும். பிறகு 60 நிமிடம், 50, அப்புறம் 40. நாற்பதில் ஆறு நிமிடம் குறிப்புக்கு, முப்பது எழுத, நான்கு திருத்த. அந்த நான்கு நிமிடத்தில் எல்லாப் பிழையையும் தேடக் கூடாது. ஒவ்வொருவரும் தான் வழக்கமாகச் செய்யும் மூன்று பிழைகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கட்டும். அவற்றை மட்டும் தேடட்டும். ஒருவருக்கு ஒற்று, இன்னொருவருக்கு எழுவாயோடு சேராத வினைமுற்று.

முழுக் கட்டுரை இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும். தேர்வுக்கு முந்தைய மாதத்தில் வாரம் ஒன்றாக்குங்கள். திருத்தித் தந்தபின் பலவீனமான ஒரு பத்தியை மட்டும் மறுபடி எழுத வையுங்கள். முழுதையும் எழுதச் சொன்னால் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

பத்து நிமிடம் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தச் சிலரைப் பற்றி. அவர்களிடம் "எழுது, எழுது" என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் போய் மெல்லிய குரலில், "இந்தக் கேள்வியை உன் தம்பியிடம் கேட்டால் என்ன சொல்வான்?" என்று கேளுங்கள். சொல்வார்கள். "நீ அதை ஒத்துக்கொள்கிறாயா?" என்று கேளுங்கள். அதற்கும் பதில் வரும். அந்தப் பதிலை அப்படியே, பேசிய மாதிரியே, தாளின் மேல் எழுதச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.