படிக்க மாட்டேன் என்கிற பிள்ளைக்கு எந்தப் புத்தகம்? கேள்வி பதில்

அரசுப் பள்ளியில் 31 வருடம் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கடைசிப் பத்து வருடம் நூலக பீரியடும் என் தலையில்தான் விழுந்தது. 13 வயது முதல் 17 வரை, புத்தகத்தைக் கண்டால் ஓடுகிற பிள்ளைகளைப் பற்றி மட்டும் கேளுங்கள். மதிப்பெண் வாங்கும் வழி எனக்குத் தெரியாது.

திருவாரூர் தமிழாசிரியை: ஒன்பதாம் வகுப்பில் 42 பேர். நூலக பீரியடில் பாதிப் பேர் புத்தகத்தை விரித்துவைத்தபடியே தூங்குகிறார்கள். எதில் தொடங்கலாம் ஐயா?

சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்', டீச்சர். 1959இல் வந்தது, நூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும். கதை நடப்பது ஒரே நாளில், ஒரே ஜல்லிக்கட்டுத் திடலில். அப்பாவைக் குத்திய காரி என்ற காளையை அணைக்க மகன் பிச்சி வந்து நிற்கிறான். அவ்வளவுதான் கதை. நாயகன் யார், அவனுக்கு என்ன வேண்டும், எதிரே நிற்பது எது என்பதெல்லாம் சீக்கிரமே பிடிபட்டுவிடும். படிக்காத பிள்ளைக்கு அந்தச் சீக்கிரம்தான் முக்கியம்.

ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு உட்காராதீர்கள். பேச்சு முழுக்க வட்டார வழக்கு. கண்ணால் படித்தால் தடுக்கும், காதால் கேட்டால் தடுக்காது. முதல் இருபது பக்கத்தை நீங்களே சத்தமாக வாசியுங்கள். காரி வெளியே வருவதற்குள் மணி அடித்துவிட்டால் உங்கள் அதிர்ஷ்டம். மீதியை அவர்களே கேட்டு வாங்கிப் போவார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இன்னும் பலமுறை சொல்வேன்: முடித்ததும் "கதைச்சுருக்கம் எழுதுக" என்று சொல்லிவிடாதீர்கள்.

கோவையிலிருந்து ஓர் அப்பா: பையன் ஒன்பதாவது. போனை விட்டு எழமாட்டான். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன். தொடக்கூட இல்லை.

ஐந்து செங்கல்லை அடுக்கிவைத்தால் யார்தான் தொடுவார்கள்? அதை அலமாரியில் ஏற்றிவிட்டு, பூமணியின் 'வெக்கை'யை வாங்கிப் பாருங்கள். 1982இல் வந்த நாவல். கதைநாயகன் சிதம்பரத்துக்கு வயது பதினைந்து, உங்கள் பையனைவிட ஒன்றோ இரண்டோதான் கூட. தொடங்கும்போதே கொலை நடந்து முடிந்துவிட்டது. அப்பாவும் மகனும் காட்டில் பதுங்குகிறார்கள். 'அசுரன்' படத்துக்கு மூலம் இதுதான் என்று சொன்னால் கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்பான். முதலில் நீங்கள் படித்துவிடுங்கள், ரத்தம் உண்டு.

ஓர் அம்மா: எட்டாவது படிக்கிறான். எழுத்துகளை மாற்றி மாற்றி வாசிக்கிறான், வரி தவறிவிடுகிறது. எந்தப் புத்தகம் தரலாம்?

இதைப் புத்தகத்தால் தீர்க்க முடியாது அம்மா. சோம்பல் என்றும் நினைத்துவிடாதீர்கள். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், இந்த வாரமே பாருங்கள். அதுவரை ராத்திரி நீங்கள் கதை வாசியுங்கள், அவன் கேட்கட்டும்.

மதுரை: என் மகளுக்குப் 'பொன்னியின் செல்வன்' கொடுக்கலாமா?

படிக்கிற பெண் என்றால் தாராளமாக. படிக்காத பெண் என்றால் இப்போது வேண்டாம்.

சேலம்: நீங்கள் பிள்ளைகளைக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள் சார். நான் ஏழாம் வகுப்பிலேயே ஐந்து பாகத்தையும் ஒரே லீவில் முடித்தேன்!

வாழ்த்துகள். ஆனால் உங்களுக்கு இந்தக் கேள்வி பதிலே தேவையில்லையே. "எனக்குப் பிடித்தது, ஆகவே இவனுக்கும் பிடிக்கும்" என்று நினைப்பதில்தான் ஆசிரியர்கள் பாதிப் பேர் சறுக்குகிறோம்.

கல்கி அதை ஐந்து தடித்த புத்தகமாக வாசகன் கையில் திணிக்கவில்லை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். ஓர் இடத்தில் நிறுத்துவார், ஜனம் அடுத்த வாரத்துக்குக் காத்துக் கிடக்கும். அந்தக் காத்திருப்பைப் பிடுங்கிவிட்டு மொத்தமாகக் கொடுத்தால் மிஞ்சுவது எடைதான்.

சேலம் (மறுபடியும்): அப்படியானால் வாராவாரம் கொடுங்களேன். புத்தகத்தை ஏன் ஒதுக்க வேண்டும்?

சரி, இது நியாயம். வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதில் தொடங்கி, கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுச் சதியை அவன் ஒளிந்திருந்து பார்ப்பது வரை, வாரம் ஓர் அத்தியாயம் வாசித்துக் காட்டலாம். அதோடு நிறுத்திவிடுங்கள். அப்புறம் யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு மட்டும் முதல் பாகம்.

தஞ்சாவூர் ஆசிரியர்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 2022இல் படம் வந்தபிறகு என் வகுப்பில் நிலைமையே மாறிவிட்டது. "படத்தில் விட்டது என்ன?" என்று தேடிப் படிக்கிறார்கள்.

என் பேத்தியும் அப்படித்தான் மூன்றாம் பாகம் வரை போனாள். இந்த இடத்தில் நான் தோற்றேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். படம் பார்த்த பிள்ளைக்கு யார் யார் என்ற குழப்பம் இல்லை, பாதிச் சுமை இறங்கிவிடுகிறது. சேலத்துக்காரர் சந்தோஷப்படலாம். ஆனாலும் ஐந்து பாகத்தை மேசையில் அடுக்காதீர்கள்.

சென்னை: ஆங்கில வழிப் பிள்ளை, பத்தாவது. தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள்.

பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாக இருக்கின்றன. மெலிந்த புத்தகங்கள், நல்ல வேலை. ஆனால் 15 வயதுப் பெண்ணிடம் வகுப்பு நடுவில் 'நுழை'யை நீட்டாதீர்கள். அந்த வெட்கத்திலேயே தமிழை வெறுத்துவிடுவாள். வீட்டில் தம்பிக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், தம்பிக்காக என்ற சாக்கில் அவளும் படித்துவிடுவாள்.

கூடவே கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' சிறுகதையை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். புத்தகம் கொண்டுவந்து தருகிற மாமா ஒருவர், அவரைச் சூழ்ந்துகொள்ளும் குழந்தைகள், நடுவில் சாரங்கன் என்றொரு பையன். முடிவைச் சொல்லமாட்டேன். என் வகுப்பில் அந்த முடிவுக்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசியதில்லை. அந்த நேரத்தில் போய் "இக்கதை உணர்த்தும் கருத்து யாது?" என்று கேட்டுக் கெடுத்துவிடாதீர்கள்.

ஈரோடு: காமிக்ஸ் படிப்பதெல்லாம் படிப்பில் சேருமா?

சேரும். 1972இல் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி வந்ததிலிருந்து இதே கேள்விதான். அன்று திட்டு வாங்கியவர்களில் எத்தனையோ பேர் இன்று நல்ல வாசகர்கள்.

விழுப்புரம்: இரா. நடராசனின் 'ஆயிஷா'வை எட்டாம் வகுப்பில் வாசிக்கலாமா?

வாசிக்கலாம், சின்னப் புத்தகம்தான். கேள்வி கேட்கிற பெண்ணைப் பள்ளிக்கூடம் என்ன செய்கிறது என்பதுதான் கதை. அவள் இறந்துபோகிறாள், அதனால் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் முடித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். பேச நேரம் வையுங்கள். பேசத்தான், எழுத அல்ல.

நெல்லை: 'பொன்னியின் செல்வன்' சுருக்கப் பதிப்பு பரவாயில்லையா?

மேலே பாருங்கள். சுருக்கமும் வேண்டாம்.

பெயர் வேண்டாம்: நானும் தமிழாசிரியர்தான். நீங்கள் சொன்னவற்றில் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. வெட்கமாக இருக்கிறது.

வெட்கம் எதற்கு? இன்றிரவு 'வாடிவாசல்' எடுங்கள், ஒரே இரவில் முடிந்துவிடும். கதைச்சுருக்கம் எழுத வேண்டாம்.