வாசகர் கேள்வி: 53 வருடக் குத்தகை

கேள்வி: பழைய ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசர் அரண்மனைப் பணியாளராமே? சாகும் வயதில் 53 வருடக் குத்தகை எழுதினார் என்பது நிஜமா? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: நிஜம்தான் அம்மா. 1367இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டின் அரண்மனைப் பணியாளர் பட்டியலில் அவர் பெயர் வருகிறது. 1374இல் லண்டன் மாநகரம் ஆல்ட்கேட் கோட்டைவாசல் மேல்மாடியை ஆயுள் முழுக்க வாடகையில்லாமல் கொடுத்தது. பழுதுபார்க்கும் செலவு மட்டும் அவருடையது.

நீங்கள் சொல்லும் குத்தகை அப்புறம் வந்தது. 1399 டிசம்பர் 24. வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தின் மாதா கோயில் தோட்டத்தில் ஒரு வீடு, வருடத்துக்கு 53 ஷில்லிங் 4 பென்ஸ். வயது அறுபதை ஒட்டி இருக்கும். 53 வருடம் எங்கே வாழ்வது? மடத்துத் துறவிகளுக்கும் அது தெரியும். இடையில் இறந்தால் வீடு மடத்துக்கே என்று எழுதிக்கொண்டார்கள். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும். மறு வருடமே, 1400இல், காலமானார். அந்த மடத்துக் கோயிலிலேயே அடக்கம். வீடு இருந்த பக்கம் 1503இல் மன்னர் ஏழாம் ஹென்றி புதுக் கோயில் எழுப்பத் தொடங்கினார்.