மீன் முட்டைக்குள் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

மீன் முளையத்தின் உயிர்க்கடிகாரம், அதாவது கலங்களுக்குள் நாள் கணக்கில் சுற்றும் நேரப் பொறிமுறை பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து நண்பர்கள் கேட்டவைக்கு என் பதில்கள்.

களுவாஞ்சிகுடி உயர்தர மாணவி: சேர், கலத்துக்கு நேரம் எப்படித் தெரிகிறது?

நாலு பரம்பரையலகுகளின் பெயரை நினைவில் வைத்திருங்கள் தங்கச்சி: குளொக், பிமால், பெர், கிரை. முதல் இரண்டின் புரதங்களும் சோடி சேர்ந்து பெர், கிரை பரம்பரையலகுகளை இயக்கும். அவற்றின் புரதங்கள் போதியளவு சேர்ந்ததும் கலத்தின் கருவுக்குள் போய், தங்களை இயக்கிய சோடியையே அடக்கிவிடும். அப்புறம் அவை சிதைந்து குறையும்போது எல்லாம் மறுபடி தொடங்கும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணித்தியாலம். இந்த வகைப் பொறிமுறையைப் பழ ஈயில் கண்டறிந்ததற்காகத்தான் ஹோல், ரொஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஏறாவூரில் அலங்கார மீன் வளர்ப்பவர்: அண்ணன், முட்டையில் இது எந்தக் கட்டத்தில் தொடங்கும்?

இதுவரை நன்றாகப் பார்த்திருப்பது வரிக்குதிரை மீனில், அதாவது நீங்கள் விற்கிற சீப்ரா டேனியோவில். 28.5 பாகைத் தண்ணீரில், கருக்கட்டி முதல் மூன்று மணித்தியாலம் வரை முளையம் பெரும்பாலும் தாய் முட்டையில் வைத்துவிட்ட ஆர்என்ஏயை (புரதம் செய்வதற்கான செய்தியை) நம்பியே இருக்கும். கலங்கள் ஆயிரத்தை நெருங்கும்போதுதான் சொந்தப் பரம்பரையலகுகள் பரவலாக எழும்புகின்றன.

எனக்கு வியப்பானது அடுத்தது. முதல் நாளிலேயே, கண்ணோ, மூளையில் வெளிச்சத்தை உணரும் பீனியல் சுரப்பியோ உருவாக முன்பே, முளையம் வெளிச்சத்தை உணர்கிறது. வெளிச்சம் பட்டதும் பெர் வகைப் பரம்பரையலகுகளில் ஒன்றான பெர்2இன் செயற்பாடு கூடுகிறது. முழு இருட்டில் வைத்தாலும் ஒவ்வொரு கலத்திலும் கடிகாரம் தானாகவே ஓடத் தொடங்கிவிடும். ஆனால் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. கூத்துக் களரியில் எல்லோரும் ஒரே தாளத்தை வேறு வேறு இடத்தில் எடுத்தால் கேட்பவருக்குத் தாளமே பிடிபடாதே, அப்படித்தான். முழு முளையத்தையும் அளந்தால் ஏற்றஇறக்கம் தெரியாது. பகலும் இரவும் மாறிவந்தால்தான் கலங்கள் ஒரே நேரத்துக்கு வரும்.

ஓட்டமாவடி வாசகர்: இரவிலும் லைட்டை எரியவிட்டால் குஞ்சுக்கு நல்லதா?

வேண்டாம் நானா. விடாத வெளிச்சம் இந்த மீனின் கலக் கடிகாரத்தையே நிறுத்திவிடும். ஆய்வுகூடங்களில் வழக்கமாக 14 மணித்தியாலம் வெளிச்சம், 10 மணித்தியாலம் இருட்டு. முழு இருட்டும் சரியில்லை: புறஊதாக் கதிரால் டிஎன்ஏயில் வரும் சேதத்தைத் திருத்தும் ஒரு நொதியை முளையம் கூட்டுவது வெளிச்சம் பட்ட பிறகுதான். இருட்டிலேயே வளர்ந்த முளையங்கள் அந்தக் கதிர் பட்டால் கூடுதலாக இறக்கின்றன.

அக்கரைப்பற்று ஆசிரியை: எங்களைப் போல மூளையில்தான் தலைமைக் கடிகாரமா?

இல்லை ரீச்சர். எங்கள் தலைமைக் கடிகாரத்துக்கு வெளிச்சச் செய்தி கண் வழியாகப் போகிறது. இந்த மீனின் இதயத்தையும் சிறுநீரகத்தையும் வெட்டியெடுத்துத் தட்டில் வளர்த்தால்கூட, அவை நேரடியாக வெளிச்சத்தை உணர்ந்து நேரத்தைத் திருத்திக்கொள்ளும். 2000இல் வெளிவந்த முடிவு இது. வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆரையம்பதி வாசகர்: வாவித் திலாப்பியாவுக்கும் இதே கணக்கா?

மணித்தியாலக் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள் தம்பி. வரிக்குதிரை மீனின் தெளிந்த முட்டை வெளியே தண்ணீரில் கிடக்கும். திலாப்பியாத் தாய் முட்டையை வாய்க்குள் வைத்துக் காக்கும். படுகிற வெளிச்சமே வேறு. இன்னும் தூரம் போனால் சோமாலியாவின் குருட்டுக் குகைமீன் இருக்கிறது. அதன் கடிகாரத்தை வெளிச்சம் அசைப்பதில்லை, உணவு நேரம்தான் அசைக்கும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 47 மணித்தியாலம் எடுக்கும்.