கொப்பிக் கடையா, கிளிநொச்சிக் கடையா? ஒரு வன்னிக் குடும்பத்தின் பலசரக்குக் கணக்கு

கேள்வி: மல்லாவிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். நான், அவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், மாமி என்று ஐந்து பேர். அவருக்கு மேசன் வேலை, நாள் சம்பளம். ஓர் ஏக்கர் வயலும் உண்டு. காலபோக நெல்லை அறுத்த கையோடு கொடுத்துவிட்டு, இப்போது அரிசியைக் கடையில்தான் வாங்குகிறோம். பக்கத்துக் கடையில் கடனுக்கு எடுத்துக் கொப்பியில் எழுதிவைக்கும் கொப்பிக் கணக்கு ஓடுகிறது. உழைப்பதில் பெரும்பகுதி சாப்பாட்டுச் சாமானுக்கே போய்விடுகிறது. கிளிநொச்சியில் பெரிய கடைகளில் விலைக்கழிவு போடுகிறார்களாம். மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய் மொத்தமாக வாங்கினால் மிஞ்சுமா?

பதில்: சாமான் விலையில் கொஞ்சம் மிஞ்சும், ஆனால் பயணச் செலவைக் கழித்தால் பெரும்பாலும் மிஞ்சாது. போகவர பஸ் காசு, சாமான் மூட்டையோடு இறங்கினால் ஓட்டோக் காசு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் அதற்கு ஒரு ரோல்ஸும் குளிர்பானமும். அந்தக் கடையில் கழிவு போடும் சாமான்களையும் ஒருமுறை பாருங்கள். பிஸ்கற், சவர்க்காரம், நூடில்ஸ், சோஸ் என்று நீங்கள் வழக்கமாக வாங்காதவைதான் அதில் கூட. பருப்பிலும் சீனியிலும் கிலோவுக்குச் சில ரூபாய்தான் குறையும். பஸ் காசை அந்தச் சில ரூபாயால் பிரித்துப் பார்த்தால், எத்தனை கிலோ வாங்கினால் பயணச் செலவு தேறும் என்பது தெரிந்துவிடும். தனி ஆளாகத் தூக்கிவரக்கூடிய நிறையில் அது பெரும்பாலும் தேறாது.

ஆகவே, எந்தக் கடைக்குப் போவது என்பதை இப்போதைக்கு விடுங்கள். உங்கள் காசு கூடுதலாகக் கசிவது மூன்று இடங்களில்: அரிசி, சின்னப் பக்கற், கொப்பி.

பெரியது அரிசி. ஐந்து பேருக்கு நாளுக்கு ஒன்றரைக் கிலோ என்று பிடித்தால் மாதம் 45 கிலோ, ஆறு மாதத்துக்கு 270 கிலோ. 100 கிலோ காய்ந்த நெல்லைப் புழுக்கிக் குத்தினால் ஏறத்தாழ 65 கிலோ அரிசி கிடைக்கும். 270 கிலோ அரிசிக்கு 415 கிலோ நெல் போதும். நெல்லைக் கிலோ 100 ரூபாய்க்குக் கொடுத்தீர்கள் என்று வையுங்கள். (கணக்குக்காக நான் போட்ட விலை, உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.) 100 கிலோ 10,000 ரூபா. அதிலிருந்து 65 கிலோ அரிசி வந்தால், கிலோ 154 ரூபாவுக்கு உங்கள் அரிசி உங்களுக்கு அடங்குகிறது. மில்லுக்கூலியை மேலே சேருங்கள். இப்போது கொப்பியில் அரிசிக்கு எழுதியிருக்கும் விலையைப் பாருங்கள். இடையில் இருக்கும் வித்தியாசம்தான் களத்திலேயே நெல்லை விட்டதற்கு நீங்கள் கட்டுகிற தண்டம். போதாததற்கு தவிட்டையும் இழக்கிறீர்கள்; முற்றத்தில் நாலு கோழி நின்றால் தவிடும் காசுதான்.

வெட்டு மிசின்காரரும் உரக்கடைக்காரரும் களத்திலேயே வந்து நிற்பார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. முழு நெல்லையும் வைத்திருங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆறு மாதச் சாப்பாட்டு நெல்லை, அதுவும் முடியாவிட்டால் மூன்று மாத நெல்லையாவது முதலில் ஒதுக்கிவிட்டு மீதியை விலை பேசுங்கள். அறுவடை நேரம் எல்லோரும் ஒன்றாகக் கொடுப்பதால் நெல் விலை விழுகிறது. நெல்லின் ஈரமும் விலையைக் குறைக்க ஒரு சாட்டு. நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்கிற ஈரப்பதன் 14 சதவீதம். மிசினால் வெட்டிய கையோடு அந்த அளவுக்குக் காய்ந்த நெல் அனேகமாக வராது.

வைத்திருக்கிற நெல்லும் அந்த அளவுக்குக் காய வேண்டும். இல்லையென்றால் மூடைக்குள் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு நெல்லை முன்பல்லில் வைத்துக் கடியுங்கள். டக்கென்று முறிந்தால் சரி, நசிந்தால் இன்னொரு வெயில் வேண்டும். தார் வீதியில் காயப்போடுவதைவிட முற்றத்தில் படங்கு விரித்துப் போடுவது நல்லது. வீதியில் கல்லும் சேரும், வாகனம் ஏறிக் குறுணல் அரிசியும் கூடும். மூடைகளைச் சுவரோடு ஒட்டாமல் பலகைக்கு மேல் அடுக்குங்கள். அரிசியாக வைத்தால் வண்டு சீக்கிரம் வரும். நெல்லாகவே வைத்து, மாதத்துக்குத் தேவையானதை மட்டும் புழுக்கி மில்லுக்கு அனுப்புங்கள். மாமிக்கு இந்த வேலை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதல்ல. அவரிடம் கேட்டால் நான் எழுதியதைவிட இரண்டு விசயம் கூடவே சொல்லுவார்.

அடுத்தது சின்னப் பக்கற். நாள் சம்பள வீட்டில் 50 கிராம் தூள் வாங்குவதைப் பிழை என்று சொல்வோரை எனக்குப் பிடிக்காது. அன்று கையில் இருக்கிற காசுக்கு அதுதான் வரும். ஆனால் அதன் கிலோ விலை தெரிந்திருக்க வேண்டும். 50 கிராம் என்றால் 20ஆல் பெருக்குங்கள், 100 கிராம் என்றால் 10ஆல், 250 கிராம் என்றால் 4ஆல், 400 கிராம் என்றால் இரண்டரையால். 50 கிராம் கறித்தூள் 100 ரூபா என்றால் கிலோ 2,000 ரூபா. இதே கணக்கைப் பெரிய பக்கற்றுக்கும் போடுங்கள், ஏனென்றால் பெரியது எப்போதும் மலிவு என்றும் இல்லை. இலவசமாக ஒரு கோப்பையை ஒட்டி வைத்திருக்கிற பக்கற்றில் அந்தக் கோப்பையின் விலையும் சேர்ந்திருக்கலாம்.

பெருக்கிப் பார்த்தால் முதலில் கொப்பியை விட்டுப் போக வேண்டியது கறித்தூள்தான். வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் ஒரு சிறு தொகையை மா ரின்னுக்குள் போட்டு வையுங்கள். ஒரு கிலோ செத்தல் மிளகாயும் ஒரு கிலோ மல்லியும், அளவுக்கு மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், மஞ்சளும் வாங்கத் தேறியதும் வறுத்து மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளுங்கள். மிளகாயில் காம்பும் ஈரமும் போகும், ஒரு கிலோ மிளகாய் ஒரு கிலோத் தூளாக வராது. அந்தக் குறைவையும் மில்லுக்கூலியையும் சேர்த்தே பக்கற் விலையோடு ஒப்பிடுங்கள். மில்லில் இருந்து வரும் தூள் கை சுடுகிற சூட்டில் இருக்கும். அப்படியே போத்தலில் அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டிபட்டு, கொஞ்ச நாளில் பூஞ்சணம் வரும். பேப்பர் விரித்துப் பரப்பி, நன்றாக ஆறிய பிறகு உலர்ந்த போத்தலில் போட்டு, அன்றாடத்துக்கு ஒரு சின்னப் போத்தலைத் தனியாக வையுங்கள். பெரிய போத்தலுக்குள் ஈரக் கரண்டி போகக்கூடாது.

உளுந்து, பயறு, கௌப்பி மூன்றும் நம் பக்கமே விளைபவை. அறுவடை நேரத்தில் விளைவித்தவரிடமே வாங்கி, வெயிலில் போட்டு, இறுக்கமாக மூடி வைத்தால் கடையில் வாங்குவதைவிடக் குறையும். 2020இல் உளுந்து இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்து கடைகளில் விலை ஏறியபோது, வீட்டில் உளுந்து வைத்திருந்தவர்களுக்குத் தோசை நிற்கவில்லை. மைசூர்ப் பருப்பு கடல் கடந்து வருவது, டொலரோடு ஏறி இறங்கும். வாரத்தில் இரண்டு நாள் அதற்குப் பதில் கௌப்பியோ பயறோ வைத்தால் பிள்ளைகளுக்குச் சத்தும் குறையாது.

மரக்கறியில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கரட்டும் லீக்ஸும் மலைநாட்டில் இருந்து தம்புள்ளை வழியாக லொறி ஏறி வருபவை. அந்த லொறிக் கூலியும் உங்கள் பையில்தான் ஏறுகிறது. கத்தரி, வெண்டி, பயிற்றை, பூசணி ஊரில் காய்க்கும் காலத்தில் அவற்றையே வாங்குங்கள். முருங்கை இலையைக் காசு கொடுத்து வாங்கினால் அது உங்கள் வேலிக்கு வெட்கம்.

பால்மாவுக்கு வருவோம். 400 கிராம் பக்கற் ஒன்றைக் கரைத்தால் ஏறக்குறைய 3 லீற்றர் பால் வரும். ஊரில் பால் போத்தல் கணக்கில்தான் விற்கிறது, ஒரு போத்தல் 750 மில்லிலீற்றர். ஆக ஒரு பக்கற், நாலு போத்தல் பாலுக்குச் சமம். மாடு வைத்திருக்கும் அயல் வீட்டில் ஒரு போத்தல் என்ன விலை என்று கேட்டு, நாலால் பெருக்கிப் பாருங்கள். தண்ணீர் கலக்காத பாலாக இருந்தால் பல கிராமங்களில் பசும்பாலே வெல்லும். நன்றாகக் கொதிக்கவைத்துக் கொடுங்கள். காசு இறுக்கமான மாதத்தில் பாலைப் பிள்ளைகளுக்கும் மாமிக்கும் விட்டுவிட்டு, நீங்கள் இருவரும் வெறும் தேத்தண்ணி குடிக்கலாம். இன்னொன்று, பால்மா மாதிரியே படம் போட்டு, உள்ளே மரக்கொழுப்பும் சீனியும் கலந்த பக்கற்றுகள் மலிவாக வருகின்றன. பின்பக்கத்தில் சேர்மானங்களை வாசிக்காமல் அதைப் பிள்ளைக்கு வாங்காதீர்கள்.

ரின் மீனிலும் இப்படித்தான். முன்பக்கத்தில் 425 கிராம் என்று பெரிதாக இருக்கும், சின்ன எழுத்தில் வடித்த நிறை என்று அதைவிடக் குறைந்த ஓர் எண் இருக்கும். சட்டிக்குப் போகிற மீன் அந்தச் சின்ன எண்தான். அந்த எண்ணால் விலையைப் பிரித்து, முல்லைத்தீவுக் கருவாட்டோடும் வவுனிக்குளத்து மீனோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். குளத்து மீன் என்று முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். புளி கூட்டி வைத்தால் சோற்றுக்கு அதுவும் மீன் கறிதான்.

இனிக் கொப்பி. ஊர்க் கடைக்காரரை நான் குறை சொல்லப் போவதில்லை. வேலை இல்லாத மாரி நாட்களில் அரிசி தந்தது அவர்தான், எந்த சுப்பர்மார்க்கெற்றும் தராது. ஆனால் கொப்பியில் வாங்கும்போது விலை கேட்கக் கூச்சம் வரும், பக்கற் அளவைத் தெரிவுசெய்ய வாய் வராது, பிள்ளையை அனுப்பினால் ஒரு பணிஸும் சேர்ந்து எழுதப்படும். அதனால் உங்களிடமும் ஒரு கொப்பி வையுங்கள். சாமான், நிறை, விலை மூன்றையும் அன்றன்றே எழுதி, வாரத்துக்கு ஒருமுறை இரண்டு கொப்பியையும் சேர்த்துப் பாருங்கள். சந்தேகத்துக்காக அல்ல, இரண்டு பக்கமும் மறதி உண்டு. பிறகு பழைய நிலுவைக்குக் கீழே கோடு இழுத்து, “இதைக் கிழமைக்கு இவ்வளவாகக் கழிக்கிறேன், இனி இன்ன சாமான்களைக் காசுக்குத்தான் எடுப்பேன்” என்று அவரிடம் நேரே சொல்லுங்கள். முதலில் கறித்தூள், அடுத்தது அரிசி. உப்பு, தீப்பெட்டி, அவசரத்துக்கு ஓர் இறாத்தல் பாண் கொப்பியில் இருந்துவிட்டுப் போகட்டும். காசு கொடுத்து எடுப்பவரிடம் விலை குறைத்துத் தருவாரா என்றும் கேளுங்கள். பலர் தருவார்கள், கேட்பவர்தான் குறைவு.

கிளிநொச்சிப் பயணத்தையும் முழுதாகக் கைவிட வேண்டாம். வங்கிக்கோ கிளினிக்குக்கோ எப்படியும் போகிற நாளில் போங்கள். அல்லது உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரு மூடை சீனி, ஒரு மூடை பருப்பு மொத்தக் கடையில் எடுத்து, தராசு வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வாகனக் கூலி நாலாகப் பிரியும்போதுதான் பயணம் தேறுகிறது. கோதுமை மாவை மட்டும் இப்படி மொத்தமாக எடுக்காதீர்கள், மழைக்காலத்தில் வண்டு உங்களுக்கு முன்னால் சாப்பிடும். ஒரேயடியாக எடுத்த சீனிக்கும் ஒரு குணம் உண்டு. பெரிய ரின் நிறைய இருந்தால் தேத்தண்ணியில் கரண்டியும் பெருக்கும். மாதத்துக்கு உரியதை அளந்து வெளியே எடுத்துவிட்டு மிச்சத்தை அலுமாரியில் பூட்டுங்கள்.

கடைசியாக நிறையும் விலையும். சாமான் வைப்பதற்கு முன் தராசு சைபரில் நிற்கிறதா என்று பாருங்கள். தராசுகளை ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரை வைக்க வேண்டும், முத்திரை இருக்கிறதா என்று கேட்கலாம். ஓர் இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும். பக்கற்றில் அச்சிட்ட உச்ச விலையை அழித்து மேலே வேறு விலை ஒட்டியிருந்தாலோ, அச்சிட்டதைவிடக் கூட வாங்கினாலோ, பில்லை வாங்கி வைத்துக்கொண்டு நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். பில் தர மறுத்தால் அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.