அறிவுள்ள விலங்குகள் எங்கிருந்து வந்தன, எப்படிப் பிழைத்தன: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

மிகுபுனைவு எழுதுகிற நண்பர்கள் போன வாரம் நிறையக் கேட்டிருந்தீர்கள். யோசிக்கிற, திட்டம் போடுகிற, வஞ்சம் வைக்கிற விலங்குகள் எல்லாருடைய கதையிலும் இருக்கின்றன, ஆனால் அவை எப்படி வந்தன, இத்தனை காலம் எப்படி அழியாமல் இருந்தன என்ற இடத்தில்தான் பலரும் மாட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். பன்னிரண்டு வருடமாக ஒரு தீவுக்கூட்டக் கதையை எழுதி வருகிறேன், வார இறுதியில் சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் பார்வையாளர்களைக் கூட்டிப்போகிற தொண்டூழியமும் செய்கிறேன். இரண்டும் சேர்ந்து கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறேன்.

செங்காங்கிலிருந்து: அக்கா, என் கதையில் ஒரு முனிவரின் கடைசி மூச்சு பட்டு ஒரே இரவில் காட்டு விலங்குகளுக்கெல்லாம் அறிவு வந்துவிடுகிறது. இது பழைய வழியா? மாற்றிவிடவா?

மாற்ற வேண்டாம் தம்பி, நல்ல தொடக்கம். ஆனால் மறுநாள் காலையை எழுதினீர்களா? அன்று கண் விழிக்கிற யானைக்கு யோசிக்கத் தெரியும், ஆனால் யோசித்து வாழ்ந்த பாட்டி ஒருத்தி அதற்கு இல்லை. அறிவு மட்டும் கையில் இருந்து, எதைப் பற்றி யோசிப்பது என்று சொல்லித்தர ஆள் இல்லாத தலைமுறை அது. உங்கள் கதையே அங்கேதான் இருக்கிறது என்பேன்.

இதற்கு நிஜத்தில் ஒரு சம்பவம் உண்டு. 1993-இல் தான்சானியாவின் தாரங்கிரே தேசியப் பூங்காவில் கடும் வறட்சி. ஆய்வாளர்கள் கவனித்து வந்த மூன்று யானைக் கூட்டங்களில் இருந்த 81 குட்டிகளில் 16 ஒன்பது மாதத்தில் செத்துப்போயின. அந்த மூன்றில் இரண்டு கூட்டங்கள் பூங்காவை விட்டு வெளியேறின, ஒன்று அங்கேயே தங்கியது. தங்கிய கூட்டத்தில்தான் சாவு அதிகம். வெளியேறிய கூட்டங்களில் 1958 முதல் 1961 வரை நடந்த பழைய வறட்சியைக் கண்ட வயதான பிடிகள் இருந்தன. தங்கிய கூட்டத்தின் மூத்த பிடிகளை அதற்கு முன்பே வேட்டைக்காரர்கள் தந்தத்துக்காகக் கொன்றிருந்தார்கள். முப்பது வருடத்துக்கு முன் தண்ணீர் எந்தப் பக்கம் கிடைத்தது என்று தெரிந்த ஒரு கிழவி இருக்கிறாளா இல்லையா, அதில்தான் குட்டிகளின் உயிர் இருந்தது. முனிவரின் மூச்சு பட்ட முதல் பத்து வருடத்தில் உங்கள் காட்டில் பாதிப்பேர் சாகட்டும். மிச்சம் இருப்பவர்கள் எதை ஞாபகம் வைத்தார்கள் என்று எழுதுங்கள்.

ஈசூன், தொடக்கக்கல்லூரி மாணவி: மந்திரமே இல்லாமல், தானாகவே அறிவு வளர்ந்தது என்று காட்ட முடியுமா?

முடியும்மா, ஆனால் சாப்பாட்டுக்கு வழி சொல்ல வேண்டும். நம் உடம்பில் மூளை ஏறக்குறைய 2 விழுக்காடு எடைதான், ஆனால் ஓய்வில் இருக்கும்போதுகூட உடல் செலவழிக்கிற ஆற்றலில் 20 விழுக்காடு அதற்கே போகிறது. அவ்வளவு தீனி கேட்கிற உறுப்பை ஒரு விலங்கு சும்மா வளர்த்துக்கொள்ளாது. எளிதில் கைக்கு வராத, ஆனால் வந்தால் கொழுப்பும் புரதமும் நிறைந்த உணவை உங்கள் உலகத்தில் வையுங்கள்: ஓட்டுக்குள் இருப்பது, மண்ணுக்கடியில் இருப்பது, வருடத்தில் இருபது நாள் மட்டும் பழுப்பது. மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துப் பக்கம் நாம் பார்க்கிற அதே நீள்வால் குரங்கினம்தான் தாய்லாந்தின் அந்தமான் கரைத் தீவுகளில் கல்லை எடுத்துச் சிப்பியை உடைத்துத் தின்கிறது. குட்டிகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, வருடக்கணக்கில் தப்புத் தப்பாக அடித்துத்தான் பழகுகின்றன.

சைபீரியாவில் 1959-இல் தொடங்கிய வெள்ளி நரி ஆய்வைப் பலர் உதாரணம் காட்டுகிறீர்கள். சாதுவான நரிகளை மட்டும் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததில் சில தலைமுறையிலேயே காது தொங்கியது, வால் சுருண்டது. குணம் வேகமாக மாறும் என்பதற்கு அது நல்ல சான்று, பெரிய மூளைக்கு அதைச் சான்றாக வைக்காதீர்கள்.

பொங்கோலிலிருந்து: ஆக்டோபஸ்களின் நகரம் ஒன்றை எழுதுகிறேன். நம்பும்படி இருக்குமா?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. ஆக்டோபஸுக்கு ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு கைகளிலேயே இருக்கின்றன. மூடிய ஜாடியைத் திறக்கும், தொட்டியிலிருந்து தப்பிக்கும். இவ்வளவு மூளை இருந்தும் அதற்கு நகரம் இல்லாததற்கு முக்கியக் காரணம் ஆயுள் என்று நினைக்கிறேன். பல இனங்கள் ஓரிரு வருடம்தான் வாழும். தாய் முட்டையிட்டுக் காவல் காக்கும், சாப்பிடுவதை நிறுத்தும், குஞ்சு வெளிவருகிற சமயத்தில் இறந்துவிடும். கற்றதெல்லாம் ஒவ்வொரு முறையும் கடலோடு போகிறது.

இப்போது கேளுங்கள். 1977-இல் ஜெரோம் வொடின்ஸ்கி என்ற ஆய்வாளர், முட்டையிட்ட பெண் ஆக்டோபஸின் கண்களருகே இருக்கும் இரண்டு சுரப்பிகளை அகற்றிப் பார்த்தார். அது அடைகாப்பதை விட்டது, திரும்பச் சாப்பிடத் தொடங்கியது, கூடுதல் காலம் வாழ்ந்தது. இரண்டே இரண்டு சுரப்பிகள்! உங்கள் கடலில் ஏதோ ஒரு பாசி அந்தச் சுரப்பிகளை மந்தப்படுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதன்முதலாக ஒரு தாய் தன் குஞ்சின் முகத்தைப் பார்க்கிறாள். ஆனால் அந்தப் பாசியைத் தின்றால் முட்டையை விட்டுவிடத் தோன்றும், அதனால் பாசியை எப்போது தின்பது, எப்போது தின்னக்கூடாது என்பதுதான் அந்த நகரத்தின் முதல் சட்டமாக இருக்கும். இதை நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதிவிடுவேன்.

ஜூரோங் வெஸ்ட்: அவை பேச வேண்டுமா? தொண்டை அதற்கு ஏற்றதா?

தொண்டையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மக்காக் குரங்கின் குரல் பாதை பேச்சுக்குப் போதுமானது, பேச்சை இயக்குகிற மூளைதான் இல்லை என்று 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. கிளி போன்ற பறவைகளுக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது, அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி சுமார் நூறு சொற்களைக் கற்றிருந்தது. பேசுவது எப்படி என்பதைவிட எதற்காகப் பேசுகின்றன என்று யோசியுங்கள், அது போதும்.

தெம்பனிஸ்: ஒரு இனம் அழியாமல் இருக்கக் குறைந்தது எத்தனை வேண்டும்?

பாதுகாப்பு உயிரியலில் 50, 500 என்று ஒரு பழைய கணக்கு உண்டு: நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகுவதால் உடனடியாக வரும் கேட்டிலிருந்து தப்ப 50, நீண்ட காலத்துக்கு 500, அதுவும் இனப்பெருக்கம் செய்பவை மட்டும். இப்போது அதையே குறைவு என்பவர்கள் இருக்கிறார்கள். கடைசி ஆணும் கடைசிப் பெண்ணும் சேர்ந்து இனத்தை மீட்டார்கள் என்ற முடிவை விட்டுவிடுங்கள்.

பிடோக்கிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்: மனிதன் இருக்கும் உலகில் அவை எப்படித் தப்பும்? நம் ஊரில் புலியைக்கூட விட்டுவைக்கவில்லையே.

வணக்கம் ஐயா. நம் தீவின் கதை இதற்கு நேர் பாடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கேம்பியர் (தோல் பதனிட உதவும் செடி), மிளகுத் தோட்டங்களுக்காகக் காட்டை அழித்தபோது கூலி ஆட்களைப் புலி அடித்தது, அரசாங்கம் புலிக்கு வெகுமதி வைத்தது, 1930-இல் சுவா சூ காங்கில் சுடப்பட்டதைத்தான் கடைசிக் காட்டுப் புலி என்கிறார்கள். புலிக்கு வலிமை இருந்தது, ஆனால் அது தனியாக வாழ்கிறது, பெரிய இடம் கேட்கிறது, பேரம் பேச அதனிடம் ஒன்றும் இல்லை.

பேரம் பேசத் தெரிந்தவை பிழைக்கின்றன. பாலியில் உலுவாட்டு கோவில் குரங்குகள் வருகிறவர்களின் கண்ணாடியையும் கைப்பேசியையும் பிடுங்கி, தின்பண்டம் கொடுத்தால்தான் திருப்பித் தருகின்றன. விலை உயர்ந்த பொருள் எது என்று வயது வந்த குரங்குகளுக்குத் தெரியும், குட்டிகளுக்குத் தெரியாது. சியாட்டலில் முகமூடி போட்டுக் காகங்களைப் பிடித்தார்கள், பல வருடம் கழித்தும் அந்த முகமூடியைக் கண்டு காகங்கள் கத்தின. பிடிபட்ட அன்று பிறந்திராத காகங்களும் சேர்ந்து கத்தின ஐயா. எதிரியின் முகத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற இனத்தை அழிப்பது கஷ்டம்.

தோ பாயோ: நம் பழைய இலக்கியத்தில் இதற்கு ஏதாவது பிடி கிடைக்குமா?

குறுந்தொகை 69-ஐப் படியுங்கள். கடுவன் இறந்துபோகிறது, துணையில்லாமல் வாழ மனமில்லாத மந்தி உயர்ந்த மலையிலிருந்து குதித்து உயிர்விடுகிறது. ஆனால் குதிப்பதற்கு முன் ஒரு வேலை செய்கிறது: இன்னும் தொழில் கற்காத தன் குட்டியைச் சுற்றத்தாரிடம் ஒப்படைக்கிறது. ‘கல்லா வன்பறழ்’ என்கிற அந்தச் சொல்லில் நான் பல நாள் நின்றிருக்கிறேன். குரங்குக் குட்டிக்குக் கற்க வேண்டியது இருக்கிறது, கற்றுத்தரச் சுற்றம் இருக்கிறது என்று அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது.

அங் மோ கியோ: என் மகனுக்கு 9 வயது, நீர்நாய் ராஜ்ஜியம் ஒன்று வரைகிறான். அவனுக்கு என்ன சொல்வது?

விடிகாலையில் காலாங் ஆற்றோரம் கூட்டிப்போங்கள் அக்கா. பல வருடம் இங்கே காணாமல் போயிருந்த நீர்நாய்கள் 1990-களில்தான் திரும்ப வந்தன, சிங்கப்பூர் ஆற்றையும் காலாங்கையும் 1977 முதல் பத்து வருடம் சுத்தம் செய்ததற்குப் பிறகு. தள்ளி நில்லுங்கள், தீனி போடாதீர்கள், அது சட்டப்படியும் குற்றம். குட்டி இருக்கிற குடும்பம் தென்பட்டால் அவனைப் பேசாமல் பார்க்கச் சொல்லுங்கள். நீர்நாய்க் குட்டிக்குப் பிறக்கும்போது நீந்தத் தெரியாது. நான் பார்த்த ஒரு காலையில் தாய் ஒரு குட்டியின் பிடரியைக் கவ்வித் தண்ணீருக்குள் இழுத்தது, குட்டி கீச்சென்று கத்திக்கொண்டு படிக்கல்லுக்கே திரும்பி ஓடியது, போன வருடத்து அண்ணன் ஒன்று குறுக்கே வந்து மறுபடி உள்ளே தள்ளியது. நான்கு தடவை. ஐந்தாவது தடவை அது தானாக இறங்கியது. அந்த ராஜ்ஜியத்தில் ராஜா யார் என்று கேட்பதற்கு முன், அங்கே நீச்சல் வாத்தியார் யார் என்று உங்கள் மகனிடம் கேட்டுப் பாருங்கள், வரைந்து அனுப்பினால் ஆசையாகப் பார்ப்பேன்.