பழைய ஐபிஎம் மாடல் எம் கீபோர்டை இன்னும் ஏன் தேடி வாங்குகிறார்கள்? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

அதன் ஸ்பிரிங்குக்காகத்தான். 1985 வாக்கில் வந்த இந்தக் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கு அடியிலும் ஒரு சுருள் ஸ்பிரிங் நிற்கிறது. அழுத்த அழுத்தச் சுருங்கி, ஒரு கட்டத்தில் தாங்காமல் பக்கவாட்டில் மடங்கிவிடும். மடங்கும் வேகத்தில் கீழே இருக்கும் சின்ன பிளாஸ்டிக் சுத்தியல் சாய்ந்து மெம்பரேனை, அதாவது மின்தடம் பதித்த மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தட்டும். எழுத்து பதிவாவதும் அந்தத் தட்டலில்தான். ஆகவே விரலுக்கடியில் விசை சட்டென்று இளகுவதும், 'டக்' சத்தமும், எழுத்து விழுவதும் ஒன்றாகவே நடக்கும். இன்றைய கீபோர்டுகளில் வரும் செர்ரி நிறுவனத்தின் நீல ஸ்விட்சில் சத்தம் ஒரு பாகம், மின்தொடர்பு வேறு பாகம். பழகிய விரலுக்கு அந்த இடைவெளி தெரியும். (மெம்பரேன் என்றதும் மலிவு கீபோர்டு நினைவுக்கு வந்து முகம் சுளிப்பவர்களுக்கு 1981-இன் மாடல் எஃப் இருக்கிறது. அதில் சுத்தியலுக்கு அடியில் சர்க்யூட் போர்டு.)

வாங்குமுன் கையில் எடுத்து மெல்லக் குலுக்குங்கள். உள்ளே கிலுகிலுவென்றால் ரிவெட் உடைந்திருக்கிறது. ஸ்பிரிங்குகள் நிற்கும் பிளாஸ்டிக் தட்டையும் பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டையும் ஐம்பதுக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் ரிவெட்டுகள்தான் இறுக்கிப் பிடிக்கின்றன. வயதானால் அவற்றின் தலை தெறிக்கும். நாலைந்து போனால் பரவாயில்லை. ஒரே பக்கத்தில் வரிசையாகப் போனால் அங்கே இடைவெளி விழுந்து, விசை 'டக்' என்று சொல்லியும் எழுத்து வராது.

மருந்து உண்டு, பொறுமை வேண்டும். பின்புற நான்கு திருகுகளுக்கு 5.5 மி.மீ. நட் டிரைவர் (அறுகோணத் தலைத் திருகைத் திருப்பும் கருவி) தேவை. குழி ஆழம், சாதாரண ஸ்பேனர் நுழையாது. மிச்ச ரிவெட் தலைகளைச் சீவி எடுத்து, அதே இடத்தில் 1.6 மி.மீ. துளையிட்டு எம்2 போல்ட், நட் மாட்ட வேண்டும். துளை கோணலானால் பிளாஸ்டிக் தட்டு விரியும்.

ஒரு விசைக்கு மட்டும் சத்தம் இல்லையென்றால் பயப்படாதீர்கள். அநேகமாக விசையின் மூடியைத் திரும்ப மாட்டியபோது ஸ்பிரிங் ஓரத்தில் சிக்கியிருக்கும். கழற்றி நேராக மாட்டினால் போதும்.

இதன் பழைய பிளக்கை யூஎஸ்பி-யில் இணைக்க, பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றும் அடாப்டர் உதவாது. உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர் வாங்குங்கள். கேம் ஆடவா? சில இடங்களில் மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தினால் மூன்றாவது பதிவாகாது. அதற்கு வேறு கீபோர்டு பாருங்கள்.